பிகோனியா இலைமேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் வளர்க்கும் அரிய செடிகள் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் பிகோனியா ஃபெராக்ஸ் என்ற செடிக்குத் தனியாக ஒரு பெட்டிச் செய்தி. படம் பிரமாதம், குறையே சொல்ல முடியாது. ஆனால் படத்துக்குக் கீழே இரண்டு யோசனை சொல்லியிருந்தீர்கள்: தினமும் இலைமேல் தண்ணீர் தெளியுங்கள், ஏ.சி. அறையில் வையுங்கள். சென்னையில் இதை அப்படியே செய்தால் செடி ஒரு மாதம் தாங்காது. போதாக்குறைக்கு, காட்டிலிருந்து நேராக வரும் செடிக்குத்தான் மவுசு என்று ஒரு வரி வேறு. அதைப் படித்ததும்தான் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ஏ.சி. மெக்கானிக். ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் முடித்துவிட்டு, ஜன்னல் ஏ.சி. காலத்திலிருந்து இன்றைய இன்வெர்ட்டர் ஏ.சி. வரை இதே பிழைப்பு. மேற்கு மாம்பலத்தில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் சின்ன வீடு. பால்கனி கிடையாது. ஃபெராக்ஸ் என் வீட்டில்தான் வளர்கிறது, இலை விட்டுக் குட்டி போட்டு, கேட்டவர்களுக்குக் கொடுக்கிற அளவுக்கு. இந்தச் செடிக்கு வேண்டியது மூன்றே விஷயம்: காற்றின் ஈரம், காற்றின் சூடு, காற்றின் ஓட்டம். மூன்றும் என் தொழில் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

செடி எனக்குக் கிடைத்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. அடையாறில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் சர்வீஸுக்குப் போனேன். இண்டோர் யூனிட்டுக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு இந்தச் செடியை வைத்திருந்தார் அந்த அம்மா. இலை ஓரமெல்லாம் காகிதம் மாதிரி காய்ந்து சுருண்டிருந்தது. "ரூமே சில்லுனு இருக்கு, அப்புறம் ஏன் காயுது?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. பாதிச் சென்னைக்கு இதற்குப் பதில் தெரியாது.

ஏ.சி. அறையைக் குளிர வைக்கும்போதே காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் கூலிங் காயில் பத்துப் பதினைந்து டிகிரியில் இருக்கும். அறைக் காற்று அதன்மேல் பட்டதும் காற்றிலுள்ள நீராவி தண்ணீராகி, ட்ரெயின் பைப் வழியே வெளியே போகிறது. கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறாரே, அந்தத் தண்ணீர்தான். மே மாதத்தில் ஒன்றரை டன் மெஷின் ஒரு ராத்திரி ஓடினால் அரை பக்கெட்டுக்குக் குறையாமல் சேரும். அவ்வளவும் அறைக் காற்றில் இருந்த ஈரம். தெருவில் எழுபது எண்பது சதவீதம் ஈரப்பதம் இருக்கும் நேரத்திலும் ஏ.சி. அறைக்குள் ஐம்பதை ஒட்டித்தான் நிற்கும். போதாததற்கு ஃபிளாப்பிலிருந்து, அதாவது ஏ.சி.யின் காற்று வரும் வாயிலிருந்து, நேராக அடிக்கும் காற்று இலையைத் துணி காயப்போடுவது போலக் காய வைக்கும். ஃபெராக்ஸுக்கு அறுபதுக்கு மேல் வேண்டும், எழுபது எண்பது இருந்தால் சந்தோஷமாக இருக்கும்.

அப்படியானால் ஏ.சி. இல்லாத அறையில் வைக்கலாமே என்பீர்கள். ஈரப்பதத்தை மட்டும் பார்த்தால் சென்னை இந்தச் செடிக்குச் சொர்க்கம்தான். கடலை வைத்துக்கொண்டு ஈரத்துக்கு என்ன பஞ்சம்? பிரச்சினை சூடு. இந்த ரகங்களுக்கு 18 முதல் 27 டிகிரி வரை சுகம். 30 தாண்டினால் முனகும், 35-ல் நாள்கணக்கில் விட்டால் தண்டு அழுகும். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தின்போது விடியற்காலை நாலு மணிக்கே 29 டிகிரி. 2003 மே 31 அன்று இதே ஊரில் 45 டிகிரி அடித்தது. அன்றைக்கு மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த வெயில் என் முதுகுக்குத் தெரியும்.

ஆக, குளிர்ச்சி ஏ.சி.யிடம் இருக்கிறது, ஈரம் ஏ.சி.க்கு வெளியே இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க ஒரே வழிதான்: செடியை மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை ஏ.சி. அறைக்குள் வைப்பது. பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை ஏ.சி. தொட முடியாது. குளிர்ச்சி மட்டும் கண்ணாடி வழியே உள்ளே இறங்கும். நான் வைத்திருப்பது கொளத்தூரில் வாங்கிய பழைய மீன் தொட்டி. மூலையில் லேசாகக் கசிந்ததால் கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தார். செடிக்கு அது ஒரு குறையே இல்லை. மேலே அளவெடுத்து வெட்டிய கண்ணாடி மூடி, ஒரு பக்கம் விரலளவு இடைவெளி. மீன் தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் பழைய பிஸ்கட் கடை ஜாடியைப் படுக்க வைத்தும் வளர்க்கலாம், அது பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

இனி வெளிச்சம். ஜன்னலோரம் வேண்டாம். மேற்கு ஜன்னலில் மூடிய கண்ணாடிப் பெட்டியை வைத்தால் சாயங்காலத்துக்குள் செடி வெந்துவிடும். காட்டில் இது பாறை நிழலில் வளர்கிறது, அதற்கு வெயிலே ஆகாது. ஐந்து வாட் எல்இடி குழல் விளக்கு ஒன்று, இலைக்கு ஓர் அடி உயரத்தில், பன்னிரண்டு மணி நேரம். இது போதும். ஆனால் எந்தப் பன்னிரண்டு மணி நேரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏ.சி. ராத்திரி மட்டும்தான் ஓடும், கரண்ட் பில்லுக்கு நான் மட்டும் விதிவிலக்கா? அதனால் டைமர் போட்டு விளக்கை ராத்திரி எட்டு மணிக்கு எரியவிட்டுக் காலை எட்டுக்கு அணைக்கிறேன். செடிக்கு அதுதான் பகல். விளக்கின் சூடு ஏ.சி. ஓடும் நேரத்தில் வெளிப்படுவதால் பெட்டிக்குள் ஏறுவதில்லை. உச்சி வெயிலில் விளக்கும் அணைந்திருக்கும், செடியும் சும்மா இருக்கும். பகல் வெதுவெதுப்பாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் முறை, மறுக்கவில்லை. ஆனால் மத்தியானம் 36 டிகிரியில் இருக்கும் அறையில் மூடிய பெட்டிக்குள் விளக்கையும் போட்டால் முறை மிஞ்சும், செடி மிஞ்சாது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று வீட்டம்மா சொன்னதால் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளி, முன்னால் பழைய வேட்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதுவும் நல்லதுக்குத்தான். சூடான காற்று மேலே ஏறும், தரையை ஒட்டிய இடம் எப்போதும் ஒன்றிரண்டு டிகிரி குறைவாக இருக்கும்.

ஏ.சி.யை 18-ல் வைக்கத் தேவையில்லை. 2020 ஜனவரி முதல் வரும் மெஷின்கள் போட்டதும் 24 டிகிரியில்தான் நிற்கும், அரசாங்க விதி. அதை 26-க்கு ஏற்றி, மின்விசிறியையும் சேர்த்துப் போட்டால் மனிதருக்கும் செடிக்கும் போதும். ஏ.சி.யே இல்லாத வீட்டில் முடியாதா என்றால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை முடியும். கோடையில் தெர்மாகோல் பெட்டிக்குள் ஜாடியை இறக்கி, பக்கத்தில் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என மாற்றி வைத்துக் காப்பாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டில் ஜாடியைத் தொடக்கூடாது. கரண்ட் போனாலும் இதே வைத்தியம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை. ஆனால் அது குளிர் மாதம், மூடிய பெட்டி தானாகவே தாக்குப்பிடித்தது. மே மாதத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்தால்தான் பாட்டில் வேண்டும்.

இப்போது அந்தத் தண்ணீர் தெளிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஃபெராக்ஸ் இலையைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு இலை. பச்சைத் தளத்தில் கூம்பு கூம்பாக மேடுகள் எழும்பி நிற்கும், நுனி கருஞ்சிவப்பு, ஏறக்குறைய கறுப்பு. ஒவ்வொரு கூம்பின் உச்சியிலும் ஒரு முடி. பார்த்தால் முள் போலப் பயமுறுத்தும், தொட்டால் குத்தாது. இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மேடாக இருப்பது கீழே குழி, பணியாரக் கல்லைக் கவிழ்த்து வைத்தது போல. கூம்புகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளங்களில் விழுந்த தண்ணீர் வழிந்து ஓடாது, அங்கேயே தங்கும். மூடிய பெட்டிக்குள் காயவும் காயாது. இரண்டாம் நாள் அந்த இடத்தில் பழுப்புப் புள்ளி, நாலாம் நாள் சாம்பல் நிறப் பூஞ்சை, வாரக் கடைசியில் இலை கூழ். ஈரம் இலையைச் சுற்றி இருக்கும் காற்றில் இருக்க வேண்டும், இலைமேல் அல்ல. தண்ணீரைச் செடித் தொட்டியின் ஓரமாக, ஸ்பூனால் ஊற்றுங்கள். பெட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பி இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, கல்லின் மேல் தொட்டியை வைத்தால் ஈரம் தானாக எழும்.

காலையில் பெட்டியின் கண்ணாடியில் லேசாகப் பனி பிடித்து, பத்து மணிக்குள் மறைந்தால் அளவு சரி. நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தால் மூடியை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். காற்று ஓட்டத்துக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும் கம்ப்யூட்டர் ஃபேன், ஐந்து வோல்ட், பழைய செல்போன் சார்ஜரில் ஓடும். அதைக் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி வையுங்கள், செடியைப் பார்த்து அல்ல. மணிக்கு ஒரு தடவை சில நிமிடம் ஓடினாலே போதும். அசையாத காற்றில்தான் இலைமேல் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை வருகிறது. அது வந்துவிட்டால் அந்த இலையை வெட்டி எறிவதுதான் மரியாதை.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். போர் தண்ணீர் கூடவே கூடாது, எங்கள் பக்கம் உப்பு கரிக்கிறது. இலை ஓரம் கருகும், தொட்டி மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் உத்தமம். முதல் மழையில் மாடி கழுவிப் போகட்டும், அடுத்த மழையில் பிடியுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பிடித்து மூடி வைத்தால் பொங்கல் தாண்டியும் வரும். மற்ற நாட்களில் நான் ஏ.சி. ட்ரெயின் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர், உப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டே நிபந்தனை: சர்வீஸ் செய்த வாரத்தில் பிடிக்காதீர்கள், காயில் கழுவிய கெமிக்கல் வரும். வழவழவென்று பாசி பிடித்த பைப்பாக இருந்தால் பைப்பை மாற்றிவிட்டுப் பிடியுங்கள். குடிக்கவும் கூடாது, சொல்லிவிட்டேன்.

மண் என்று நாம் நினைக்கும் மண்ணே இதற்கு ஆகாது. செம்மண்ணும் எருவும் போட்டால் வேர் மூச்சு முட்டும். ஸ்பேக்னம் பாசி (சதுப்பு நிலத்தில் வளர்வது, காய வைத்து விற்பார்கள்) கிடைத்தால் நல்லது, விலை கொஞ்சம் அதிகம். இல்லையென்றால் பொள்ளாச்சித் தென்னை நார்த்தூளை மூன்று தடவை அலசி உப்பை எடுத்துவிட்டு, அதே அளவு பெர்லைட், அதாவது வெள்ளையாகப் பொரி மாதிரி இருக்கும் எரிமலைக் கல் துணுக்கு, கலந்து கொள்ளலாம். நான் அதில் ஒரு பிடி கிளிஞ்சலையும் நொறுக்கிப் போடுகிறேன், நன்றாகக் கழுவிய பழவேற்காட்டுக் கிளிஞ்சல். கட்டாயமில்லை, போடாமலும் நன்றாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறையில் பிறந்த செடி, ஏ.சி. தண்ணீரிலோ சுண்ணாம்பு துளியும் இல்லை, அதனால் போடுகிறேன். உரம் மிக மிகக் கொஞ்சம். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் கால்வாசி, மாதம் ஒரு முறை. தொட்டி சின்னதாக இருக்கட்டும், டீ கப் அளவு. ஆழத்தைவிட அகலம் நல்லது, தண்டு தரையோடு படுத்துத்தான் நகரும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள், கூம்புகளுக்கு இடையில் எண்ணெய் தேங்கிக் கறை விழும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாக எடுக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பூனை, நாய் வளர்க்கிறவர்கள் கவனிக்க: பிகோனியாக்களில் ஆக்ஸலேட் என்ற, வாயை அரிக்கும் உப்பு உண்டு. இலைக்காம்பைக் கடித்தால் புளிக்கும், மலைப்பகுதிகளில் சில ரகங்களைப் புளிப்புக்காக மெல்வார்கள்கூட. ஆனால் பூனையோ நாயோ தின்றால் எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும். கிழங்கு, தண்டுப் பகுதியில்தான் அது அதிகம். பெட்டிக்கு மூடி இருப்பதில் இது ஒரு லாபம். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கும் இதே எச்சரிக்கை.

கடைசியாக, நீங்கள் எழுதிய அந்த மவுசு. ஃபெராக்ஸ் உலகத்துக்குத் தெரிய வந்தே வெகு நாளாகவில்லை. சீனாவின் குவாங்சி மாநிலத்தில், வியட்நாம் எல்லையை ஒட்டிய சுண்ணாம்பு மலைக்காடுகளில் இருப்பது. தைவானைச் சேர்ந்த சிங்-ஐ பெங்கும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-ல்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். இதே போலக் கறுப்புக் கொப்புளங்களோடு வட வியட்நாமில் இருக்கும் மெலனோபுல்லாட்டா என்ற பிகோனியாவுக்கு 2015-ல் பெயர் வந்தது. இந்தச் சுண்ணாம்பு மலைச் செடிகளுக்கு ஒரு குணம்: ஒரு குன்றில் இருப்பது அடுத்த குன்றில் இருக்காது. நாலு பேர் மூட்டை கட்டிக்கொண்டு போனால் அந்தக் குன்றில் கதை முடிந்தது. காட்டிலிருந்து வந்தது என்று சொல்லி விற்கிறவர் எதைப் பெருமையாகச் சொல்கிறார் என்று வாங்குகிறவர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவர 2003-ஆம் ஆண்டு தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற எத்தனை பேர் அந்தக் காகிதத்தைக் காட்டுகிறார்கள்? பார்சலில் அழுகி வந்தால் பொறுப்பு கிடையாது என்று மட்டும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது ஏனென்றால், பிகோனியாவுக்குக் காட்டிலிருந்து பிடுங்க வேண்டிய அவசியமே கிடையாது. ஒரு இலை போதும். முற்றாத, இளசும் அல்லாத ஒரு இலையை எடுத்து, காம்பு சேரும் இடத்திலிருந்து ஓரம் வரை முக்கோணமாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெரிய நரம்பு இருக்க வேண்டும். பிளேடைத் தீயில் காட்டிக்கொள்ளுங்கள். நனைத்து நன்றாகப் பிழிந்த பாசியில் கூர்முனை கீழே இருக்கும்படி செருகி, ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, விளக்குக்குக் கீழே வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர், இரண்டு மூன்று மாதத்தில் நரம்பு வெட்டிய இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் குட்டி இலைகள். ஒரு இலையில் ஐந்தாறு செடி சாதாரணமாக வரும். அடையாறு அம்மா கொடுத்தது அப்படி ஒரு இலைதான். அவர் செடியும் இப்போது ஜாடிக்குள் இருக்கிறது, ஃபிளாப்புக்குக் கீழே இல்லை.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. குட்டிச் செடியின் முதல் இலைகள் வழுவழுவென்று தட்டையாகத்தான் இருக்கும். "ஏமாத்திட்டீங்களே அண்ணே, வேற செடி குடுத்துட்டீங்க" என்று ஒரு தம்பி என்னிடம் சண்டைக்கே வந்தார். ஃபெராக்ஸ் குழந்தையாக இருக்கும்போது யாருக்கும் அடையாளம் தெரியாது. செடி முதிர முதிர, புதிதாக வரும் இலைகளில் முதலில் நரம்பு வலைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் தெரியும், பிறகு ஒவ்வொரு புள்ளியும் மெல்ல எழும்பும். பழைய தட்டை இலை அப்படியே தட்டையாகவே இருந்து உதிரும். அந்தத் தம்பி இப்போது படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார், எனக்குத்தான் செல்போனில் இடம் இல்லை.

ஃபெராக்ஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் மேசோனியானா என்ற பிகோனியாவைச் சொல்வேன். சொரசொரப்பான இலை, நடுவில் பழுப்புச் சிலுவை போல ஒரு கோலம். மாரிஸ் மேசன் என்பவர் 1952-ல் சிங்கப்பூரிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. அதன் சொந்த ஊரும் தென் சீனா, வட வியட்நாம் பக்கம்தான். உலகம் முழுக்க நர்சரிகள் பெருக்கிவிட்டதால் விலை கையைக் கடிக்காது, முரட்டுத்தனமும் அதிகம். நம் நாட்டுச் செடி வேண்டுமென்றால் ரெக்ஸ் என்ற பிகோனியா இருக்கிறது. 1850-களில் அசாமிலிருந்து லண்டனுக்குப் போன ஆர்க்கிட் மூட்டையில் ஒட்டிக்கொண்டு போய், இன்று உலகமெல்லாம் விற்கும் வண்ண இலை ரகங்களுக்கெல்லாம் மூதாதையானது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மலபாரிகா, ஃப்ளோசிஃபெரா என்று காட்டு பிகோனியாக்கள் ஈரப்பாறைகளில் இருக்கின்றன. கொடைக்கானல் போகிறவர்கள் அருவி ஓரம் பார்த்து ரசிக்கலாம், பிடுங்கிக் கேரி பேக்கில் போட்டு வரக்கூடாது. காப்புக்காட்டில் அது குற்றம். அதோடு, மலையில் பிடுங்கிய செடி தாம்பரம் வரும்போதே பாதி செத்திருக்கும்.

தங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, அந்தத் தண்ணீர் தெளிக்கும் யோசனைக்கு அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம். இன்னொன்று, உங்கள் வழியாகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கதீட்ரல் சாலையில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. 1835-லேயே ஆரம்பித்த வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோட்டம் போட்டதும் அதே சாலையில்தான். மலர்க் கண்காட்சி போடும்போது லட்சக்கணக்கில் பூச்சட்டி அடுக்குகிறார்கள், நாமும் வரிசையில் நின்று போட்டோ எடுக்கிறோம். அங்கே ஒரு மூலையில் ஒரே ஒரு மேஜை, ஒரு பிளேடு, ஒரு மூட்டைப் பாசி போட்டு, வீட்டில் பிகோனியா வைத்திருப்பவர்கள் இலை கொண்டுவந்து மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாமே. டிசம்பர், ஜனவரியில் வெட்டிய இலை சென்னையில் நன்றாக வேர் பிடிக்கும், கண்காட்சி நடப்பதும் அந்தக் குளிர் மாதத்தை ஒட்டித்தான். அப்படி ஒரு மேஜை வந்தால், சர்வீஸ் எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உட்கார்ந்து வெட்டிக் காட்டத் தயார். கூலி வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் கருதி வெட்டுவீர்கள் என்று தெரியும். என் தொழில் கதையையும் கொளத்தூர் தொட்டிக் கதையையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். விளக்கை ராத்திரியில் எரிய விடுவதையும், பூனை பற்றிய எச்சரிக்கையையும், இலை வெட்டும் முறையையும் மட்டும் முழுசாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஏ.சி. மெக்கானிக், மேற்கு மாம்பலம், சென்னை.